திருப்பித் தரவும்

ஆர்வில்லா தோர்ஸ்கார்டின் கண்ணாடிப் பாத்திரத்துக்கு
அடியில் வெள்ளை டேப் ஒட்டியிருக்கும்.
நீல மையில் அவள் பெயர்,
அதன் கீழ் ‘திருப்பித் தரவும்’,
அதற்கும் கீழே இரண்டு கோடுகள்.
முதல் கோடு பணிவு.
இரண்டாவது, எங்களை அவளுக்குத் தெரியும் என்பது.
நீல மூடி ஒன்றும் இருந்தது,
ஊர்வாய்க்கு இல்லாதது.

வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கம்
யாராவது செத்தால்
அழுகைக்கு முன்னால் உருளைக்கிழங்கும் சீஸும் வந்துவிடும்.
சர்ச்சின் அடித்தளத்தில் நாற்காலி விரிப்பவன் நான்.
பாத்திரம் கழுவுவதும் நானே.
கழுவுகிறவனுக்குப் பாதிரியாரைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும்:
யார் கோழி போட்டார்கள்,
யார் போட்டதாகச் சொன்னார்கள்.

லோரெய்ன் பிக்ஸ்பியின் மாமனார் செத்தபோது
அவள் வீட்டுக்குப் போன பாத்திரம்
அங்கேயே தங்கிவிட்டது.
ஆர்வில்லா கேட்கவில்லை.
கேட்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.
கேட்காமல் இருப்பது
எல்லோர் கண்ணிலும் படும்படி
கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.
இருபத்திரண்டு வருடம்
ஞாயிறுதோறும் காபியை ஊதிக்கொண்டே விசாரிப்பாள்:
“சமையலறை எல்லாம் வசதியா இருக்கா, லோரெய்ன்?”
“இடம்தான் போதலை,
சாமான் சேர்ந்துபோச்சு.”

ஒரு ஜனவரியில் ஆர்வில்லாவின் கார்
பனிப்பள்ளத்தில் சரிந்தது.
லோரெய்னின் புருஷன் ட்வெய்ன்
டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டான்,
காசு வேண்டாம் என்றுவிட்டான்.
அதை அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.
“கயிறு தயாரா வச்சிருந்தான்,” என்றாள் என்னிடம்.
“எந்த மனுஷன் கயிறு தயாரா வச்சிருப்பான்?”

போன மார்ச்சில் ஆர்வில்லா போனாள்.
ஐம்பது நாற்காலி விரித்தேன், பத்தவில்லை.
உயிரோடிருந்தபோது அவளோடு ஒரே மேசையில் உட்காராதவர்கள்
இரண்டாம் தடவை தட்டு நிரப்பினார்கள்.
லோரெய்ன் வந்தாள்,
அலுமினியத் தாள் மூடிய நூடுல்ஸோடு.
உப்புக் கரித்தது.
பிரமாதம் என்றோம்.

கழுவும்போது கவிழ்த்துப் பார்த்தேன்.
பழைய டேப்பின் ஓரம் மட்டும் தெரிந்தது,
‘கார்ட்’ என்ற மட்டும்.
மேலே புது டேப்:
லோரெய்ன் பிக்ஸ்பி. திருப்பித் தரவும்.
மூன்று கோடுகள்.

வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம்,
நியாயமான கோபம், செத்தவள் சார்பில்.
இப்படிப்பட்ட ஜனங்களோடுதான் வாழ வேண்டியிருக்கிறது
என்று நினைத்துக்கொண்டே துடைத்தேன்,
மூலையெல்லாம் விடாமல்.

செவ்வாய்க்கிழமை லோரெய்ன் வந்து
அலமாரி அலமாரியாகத் தேடினாள்.
“என்னோடது ஒண்ணு, கண்ணாடி...”
“பார்க்கலையே,” என்றேன்.

மக்ரோனி அதில் நன்றாகத்தான் வருகிறது,
ஓரம் கருகாமல்.
வீட்டில் டேப்தான் இல்லை,
வாங்க வேண்டும்.