நெப்டியூன் எனக்கு விழுந்தது

தொப்பிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்தோம்.
எல்லோருக்கும் சனிதான் வேண்டியிருந்தது, வளையத்துக்காக.
எனக்கு விழுந்தது நெப்டியூன்.
தூரம் மூவாயிரத்து இருநூற்று முப்பது மீட்டர்.
சீட்டின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது:
நல்ல பூட்ஸ் போட்டு வரவும்.

கிண்டர்ஸ்லியில் மேடு என்று ஒன்றும் கிடையாது.
தானியக் கிடங்கின் கோபுரத்தை விட்டால்
கண்ணுக்குக் குறுக்கே எதுவும் வராது.
சூரியக் குடும்பத்தை ஒரே வரிசையில் நிறுத்த
இதைவிடத் தோதான தரை எங்கே கிடைக்கும்?

பள்ளி வாசலில் சூரியன்.
ஒரு மீட்டர் அகல மஞ்சள் உடற்பயிற்சிப் பந்து,
ஜெரிக்கோ அதைக் கட்டிப்பிடித்து நின்றான்.
நாற்பது மீட்டர் தள்ளிப் புதன், ஒரு கொத்தமல்லி விதை.
நூற்றேழாவது மீட்டரில் பூமி, ஒரு பட்டாணி.
அதிலிருந்து ஒரு சாணும் நாலு விரலும் தள்ளி
நிலா, கொஞ்சம் பருத்த கடுகு.
செவ்வாய், மிளகு.
கடுகும் பட்டாணியும் கடையில் வாங்கியதில்லை.
அறுவடை முடிந்த வயலோரத்தில்
சிதறிக் கிடந்ததைப் பொறுக்கினோம்.

வியாழன் வரைக்கும் பேச்சும் சிரிப்புமாகப் போனோம்.
பிறகு ஆள் குறைந்தது.
சனிக்காரி அட்டை வளையத்தைக் காற்றுக்குக் கொடுக்காமல்
இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு நின்றாள்.
யுரேனஸ் இரண்டாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டான்.
அதற்கப்புறம் நான்,
காலடியில் சரளைக்கல் நெரியும் சத்தம்,
ஜோடி தொலைந்த கையுறையைப் பிரித்துச் சுற்றிய
நீல நூலுருண்டை.

திரும்பிப் பார்த்தேன். சூரியன் ஒரு புள்ளி.
நிஜ நெப்டியூனில் நின்று பார்த்தாலும்
இதே புள்ளிதான், இதே அளவுதான்.
எங்கள் அளவுக்கணக்கில் ஒளிகூட
நொடிக்கு ஒரு சாண்தான் நகரும்.
நான் முக்கால் மணியில் நடந்த தூரத்துக்கு
அதற்கு நாலு மணி பத்து நிமிஷம்.
ஒளியை முந்திக்கொண்டு வந்தவள் நான்.
மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்குச் சூரியனை மறைப்பதாக ஏற்பாடு.
யாருக்கு எப்போது இருட்டும் என்று
அவரவர் கணக்குப் போட்டு எழுத வேண்டும்.
பத்து ஐம்பத்திரண்டுக்கே மேற்குக் காற்று அவசரப்பட்டது.
புள்ளி அசைந்தது.
பிறகு வளர்ந்தது.
ஜெரிக்கோவின் கையை உதறிவிட்டுச் சூரியன்
சாலையோடு உருண்டு
எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது!
பட்டாணி, மிளகு எதையும் பார்க்கவில்லை.
குறுங்கோள்களாக நின்ற ஏழாம் வகுப்புப் பொடியன்கள்
வேலிப் பக்கம் தெறித்து ஓடினார்கள்.
பின்னால் ஒருத்தன் துரத்திக்கொண்டு வந்தான்.

தாராஸ்.
அவன் சீட்டில் இருந்தது அடுத்த நட்சத்திரம்.
எவ்வளவு நடக்கணும் என்று ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டு
இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் என்று வந்து சொன்னான்.
கிண்டர்ஸ்லியிலிருந்து எந்தத் திசையில் போனாலும்
இருபதாயிரத்துக்கு மேல் உலகத்தில் தூரமே இல்லை.
அவன் நிற்க வேண்டிய இடம் பூமியிலேயே கிடையாது.
அதனால் வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

இடமில்லாதவன்தான் ஓடிப் பிடித்தான்.
சனிக்குச் சற்று இப்பால், முள்வேலியில் மாட்டி
சூரியன் பாதியாகச் சுருங்கியிருந்தது.

யாரோ ஒருவரின் அப்பா பிக்கப் வண்டியில் வந்து
எங்களை அள்ளிக்கொண்டு போனார்.
நூலுருண்டையை வேலிக் கம்பத்தில் முடிந்துவிட்டு ஏறினேன்.

மூன்று மணி இரண்டு நிமிஷம்.
பிரெஞ்சு வகுப்பு, ஏதோ ஒரு வினைச்சொல்.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
அந்தக் கம்பத்துக்கு இப்போதுதான் இருட்டியிருக்கும்.
முன் வரிசையிலிருந்து தாராஸ் திரும்பினான்.
அவனும் கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறான்.
நாலு விரலைக் காட்டி,
ஐந்தாவதைக் கொஞ்சமாய் மடக்கி நீட்டினான்.
அவனுக்குச் செய்தி போய்ச்சேர
இன்னும் நாலே கால் வருஷம்.
பன்னிரண்டாம் வகுப்பு, ஜனவரி மாசம்.
அப்போது ஞாபகப்படுத்து என்று
வாயசைத்தான்.