காரணம் ஒரே சொல்லில்

மாசக் கடைசி ராத்திரி
கிடங்குக் கம்ப்யூட்டர் கேட்கிறது:
எடை ஏன் குறைந்தது?
காரணம், இங்கிலீஷில், ஒரே சொல்லில்.

எனக்கு வாய்த்த சொல் ஒன்றுதான். டிக்ரீஸ்.
ஈரக் காப்பிக்கொட்டை களத்தில் காய்ந்தாலும் டிக்ரீஸ்,
மிளகுக்கொடி வாடினாலும் டிக்ரீஸ்,
பழம் பறிக்க வந்த நாற்பது பேர்
பொங்கலுக்குப் போய்
பத்தொன்பது பேராகத் திரும்பினாலும்.
ஏழு வருஷமாக
ஒரே ரப்பர் ஸ்டாம்பு.

நாகலூரில் பாடமெடுக்கும் ஜெஸிந்தா
பஸ்ஸில் வைத்து ஒரு கொத்துக் கொடுத்தாள்.
துணி என்றால் ஷ்ரிங்க்.
சாயம் என்றால் ஃபேட்.
பலம் என்றால் வீக்கன்.
கொஞ்சம் கொஞ்சமாய் ஒன்றுமில்லாமல் போவது ட்விண்டில்.

ட்விண்டில் எனக்குப் பிடித்துப்போனது.
குழாய் நின்ற பிறகு
கடைசிச் சொட்டு அலுமினியக் குண்டானில் விழுகிற
சத்தம் அதற்கு.
பத்தாவது கொண்டை ஊசி வளைவு வரை
சொல்லிக்கொண்டே வந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரர்
ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்.

அப்புறம்தான் தொந்தரவு.
ஒவ்வொன்றும் தன் சொல்லைக் கேட்டு வந்து நின்றது.
ஓடை வற்றியது என்றேன், சரி என்றது.
வெள்ளம் வடிந்தது. குழம்பு சுண்டியது.
சோப்பு கரைந்தது, செருப்பு தேய்ந்தது.
டீ ஆறியது, ஆத்திரம் தணிந்தது.
காட்டுக்கோழி அருகியது.
மூட்டை தூக்கும் இருசப்பன் இளைத்தான்.
அவன் வாங்கிய கடன் மட்டும்
எந்தச் சொல்லுக்கும் மசியவில்லை.

போன மாசம் சேலம் ஆஸ்பத்திரியில்
கோகிலவாணியின் கழுத்துக் கட்டியைப் பார்த்துவிட்டு
டாக்டர் சீட்டில் எழுதினார், ரெட்யூஸ்டு.
எனக்கு அடிவயிறு கலங்கியது.
கிடங்கில் அந்த மாதிரிச் சொல் வந்தாலே
மேலிடத்திலிருந்து போன் வரும்.
நர்ஸ் சிரித்தாள்.
"வீக்கம் வத்தியிருக்குங்க."
அன்று ஐந்து ரோட்டில் கால் கிலோ அல்வா வாங்கினோம்.
வற்றியதற்காக இனிப்பு வாங்கியது
எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

கோகிலா பிறந்த வீடு தாதகாப்பட்டி.
அங்கே அரிசி தீராது.
"நெறஞ்சு போச்சு" என்பார்கள்
காலிப் பானையைக் கவிழ்த்தபடி.
விளக்கு அணையாது, மலையேறும்.
கல்யாணமான புதிதில் கேட்டேன்: எந்த மலை?
மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்க் கை நீட்டினாள்.
"உங்க மலைதான்."

அந்தக் கணக்குப்படி
தாதகாப்பட்டி விளக்கெல்லாம்
இருபது வளைவும் ஏறி
இங்கே வந்திருக்க வேண்டும்.
ஒருநாள் இருட்டியதும் லேடீஸ் சீட் பாறையில் நின்று பார்த்தேன்.
கீழே சேலம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது.
மேலே
நான், பனி, வேர்க்கடலை விற்பவனின் அடுப்பு.

மலையைக் குன்று என்றும் சொல்கிறோம்.
குன்றுவது என்றாலோ, குறைவது.
ஓங்கி நிற்பதற்கும் ஒடுங்கிப் போவதற்கும்
ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போனவன்
பாக்சைட் தோண்டிய சரிவை
முன்கூட்டியே பார்த்தானோ என்னவோ.
இல்லை, கையில் வேறு சொல் இல்லாமல்
என்னைப் போல் ஸ்டாம்பு குத்தினானோ.

கர்சர் துடிக்கிறது.
மூட்டைக்கு இரண்டேகால் கிலோ போயிருக்கிறது.
ஈரம், காற்றோடு போனது.
யாரும் திருடவில்லை.
"மலையேறிவிட்டது" என்று தமிழில் அடித்தேன்.
செல்லாது என்று சிவப்பில் வந்தது.
ட்விண்டில் போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

காலையில் போன் வரும்.
என்னய்யா இது, கொசு மருந்துப் பேரா என்பார்கள்.
வரட்டும்.

இப்போதைக்கு என் போனில் சார்ஜ் நாலு சதவீதம்.
கோகிலாவின் மெசேஜ்:
சர்க்கரை நெறஞ்சு போச்சு,
கடை சாத்துறதுக்குள்ள வாங்கிட்டு வாங்க.