அரை மிதி

ஏழு மணிக்கு மேல் லாரி வராது.
பெருமாநல்லூர் எடைமேடைக்குப் பின்னால்
ஜல்லியைக் கூட்டித் தள்ளிவிட்டு
நாற்பது பேர் நிற்கிறோம், வள்ளி கும்மி பழக.

வெள்ளகோயிலிலிருந்து பைக்கில் வரும் ஆசிரியர்
என்னைவிடப் பதினாறு வயது சின்னவர்.
மைக்கைத் தட்டிவிட்டுக் கேட்டார்:
"மூணாவது வரிசைல, ஏனுங்கக்கா,
அந்த வலதுகாலு மட்டும் ஏன் ஒருக்கா அமுக்குது?"

முதல் வாரம் எனக்கும் தெரியவில்லை.
தட்டிக் குனிந்து எல்லோரும் திரும்பும்போது
என் பெருவிரல் மட்டும்
தரையை ஒரு தரம் அழுத்திவிட்டுத்தான் எழும்பும்.
செவ்வாய்க்கிழமை, பஸ்ஸில் நின்றுகொண்டே கண்டுபிடித்தேன்.
ஓவர்லாக்.
பத்தொன்பது வருஷம்
பனியன் கழுத்தை வைத்து, மிதித்து, வெட்டி, மிதித்து.
நான் நின்று இரண்டு வருஷமாகிறது.
காலுக்கு இன்னும் யாரும் கணக்கு முடிக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.
இடது இடுப்பு ஒரு விரற்கடை தள்ளியே நிற்கிறது;
நாலு வயதுவரை சஞ்சுதா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.
குனிகிற போதெல்லாம் ஒரு கை
அடிவயிற்றுத் தையலுக்குப் போய்விடுகிறது.
கொட்டக் கையை உயர்த்தினால் தோள் குறுகுகிறது.
ஓங்கின அந்தக் கை இந்த வீட்டைவிட்டுப் போய்
பதினோரு வருஷம். தோளுக்கு அது தெரியாது.

"அதையெல்லாம் போட்டுட்டு பாட்டைக் கேளு அம்மிணி"
என்றாள் திலகவேணி.
பீரோவுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே
மூன்று ராத்திரி
காலைத் திட்டித் திட்டிப் பழக்கினேன்.
நாலாம் நாள் கணுக்கால் வீங்கிக்கொண்டது.
சுடுதண்ணீரில் வைத்து நீவிவிட்டேன்.
பெருவிரலடியில் காசளவு காய்ப்பு,
வழுவழுவென்று, சூடாக.
இவ்வளவு நாள் இதைத் தொட்டதே இல்லை.

அரங்கேற்றத்துக்கு நாலு ஊர் சேர்ந்து இருநூறு பேர்.
எல்லோருக்கும் ஒரே கிளிப்பச்சைச் சேலை.
தலைக்கு மேல் ட்ரோன் சுற்றியது.
நான் காலைப் பார்க்கவில்லை.

மறுநாள் செல்போனில் வீடியோ.
சஞ்சுதா விரலால் விரித்து விரித்துத் தேடுகிறாள்.
"எங்கம்மா நீ? எல்லாம் பச்சையா இருக்குது."

வட்டம் மொத்தமும் எழும்பித் திரும்பின பின்னால்
அரை மிதி தாமதமாய்
ஒரு பச்சை எழும்புகிறது.

"அதா," என்றேன்.
"இன்னொருக்கா போடு, சாமி."