தொடக்கூடாத பன்னிரண்டு வோல்ட்

கேணிக்கரை நெய்னா கடையில்
பெரிய பேட்டரி ஒன்றின் மேல் கைவைத்து நின்றார் ரூபர்ட்,
சந்தையில் கிடாயின் முதுகைத் தடவுகிறவர் போல.
நூற்றைம்பது ஆம்பியர்.
இது ஒன்று போதும் என்றார்.
அந்தப் 'போதும்' மேல்தான் எனக்கு நம்பிக்கை இல்லை.

போன மாதம் வடகடலில்
வலை பாய்ச்சிவிட்டு என்ஜினை அணைத்திருக்கிறார்கள்.
நம்புமணியின் போன் சார்ஜில்,
கிளாடியின் போனும்.
தலைக்கு மேலே விளக்கு, காலடியில் குட்டி மின்விசிறி,
கிரிக்கெட் கேட்க ஒரு ஸ்பீக்கர்.
யாரும் எதையும் திருடவில்லை.
குழுக்கடன் பணம் கரைவது மாதிரி
சத்தமில்லாமல் போயிருக்கிறது.
மூன்று மணிக்குச் சாவியைத் திருகினால்
பல்லி சொல்வது போல
டிக், டிக்.
அப்புறம் பல்லியும் இல்லை.

ஜி.பி.எஸ். அணைந்துவிட்டது.
எல்லைக்கோடு எந்தப் பக்கமென்று
தண்ணீரில் எழுதியா வைத்திருக்கிறார்கள்?
வாக்கிடாக்கியில் கூப்பிடவும் கரண்ட் இல்லை.
போட்ட நங்கூரம் பிடிக்கவில்லை.
நீவாடு கிழக்கே இழுக்க இழுக்க
நாலு பேரும் பேச்சில்லாமல்
விடிவதற்குக் காத்திருந்தார்களாம்.
மண்டபத்து விசைப்படகு ஒன்று கட்டி இழுத்து வந்தது.

என்னிடம் சொன்னது 'என்ஜின் மக்கர்' என்ற
இரண்டே வார்த்தை.
மீதியை ஐஸ் கம்பெனி வாசலில்
நம்புமணியின் பெண்டாட்டி சொன்னாள்,
எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு.

அதனால்தான் கடைக்கு நானும் வந்தேன்.

நெய்னா பில் புத்தகத்தின் பின்னட்டையில்
இரண்டு கட்டம் போட்டார்.
"இது மெல்லிசுத் தகடு.
ஒரே மூச்சுல என்ஜினை எழுப்பிவிடும், அவ்வளவுதான் அதோட வேலை.
இன்னொண்ணு தடிமன்.
ராத்திரி முழுக்க நின்னு ஒழைக்கும்."
ரெண்டையும் ஒண்ணாக் கட்டினா?
"ரெண்டும் ஒண்ணாச் சாகும்."

ஒரு சுவிட்சை எடுத்து வைத்தார், சிவப்புக் குமிழ்:
ஒன்று, இரண்டு, இரண்டும், ஆஃப்.
என்ஜின் ஓடும்போது ஆஃப் பக்கம் போனால்
டயோடு போய்விடும் என்று
ரூபர்ட்டைப் பார்த்துச் சொன்னார்.
அந்த மூன்றாவது எதற்கு என்றேன்.
அவசரத்துக்கு.
அவசரம் முடிந்ததும் திருப்பி வைக்க
யாருக்கு ஞாபகம் இருக்கும்?
ரூபர்ட் கூரையைப் பார்த்தார்.
பதினாறு வருடமாக
எங்கள் வாசல் கேட்டின் கொண்டியை
நான்தான் போடுகிறேன்.

தானே சேர்த்து, தானே பிரிக்கிற ரிலே ஒன்று உண்டாம்.
இரண்டாயிரத்து எண்ணூறு.
உப்புக்காற்றில் எத்தனை நாள் தாங்கும்?
"பெட்டிக்குள்ள வச்சு வாசலின் பூசினா
ரெண்டு வருஷம் வரலாம்.
சத்தியம் பண்ண மாட்டேன்."
சத்தியம் பண்ணாததால் அதையே எடுத்தேன்.

பணம் இடித்தது.
கட்டத்துக்குக் கீழே நான் ஒரு கணக்கு எழுதினேன்:
விளக்கு, ஜி.பி.எஸ்., வாக்கிடாக்கி, ஆளுக்கொரு போன்.
பெரியது வேண்டாம், எழுபத்தைந்தே காணும்,
மின்விசிறியும் ஸ்பீக்கரும் இறங்கிவிட்டால்.
"பையன்கள் கோவிச்சுக்குவாய்ங்க" என்றார்.
கோவிக்கட்டும்.
கரைக்கு வந்து கோவிக்கட்டும்.

பாம்பன் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.
காலுக்கடியில் சாக்கில் இரண்டு பேட்டரி.
ஆசிட் சாமானெல்லாம் ஏற்றக்கூடாது என்று
உச்சிப்புளியிலேயே ஆரம்பித்த கண்டக்டர்
கடைசியில் லக்கேஜ் டிக்கெட் இரண்டு கிழித்தார்.
ஒரே மாதிரிதானே இருக்கு, எதுக்கு ரெண்டு என்று
பக்கத்து சீட்காரர் கேட்டார்.
ரூபர்ட் அவருக்கு விளக்கத் தொடங்கினார்,
மெல்லிசுத் தகடு, தடிமன் தகடு என்று,
பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் போல.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை இறக்கினார்கள்.
சின்ன பேட்டரியின் தலையில் பெயின்டால்
தொடாதே என்று எழுதியிருந்தேன்.
முதல் திருகலில் என்ஜின் பிடித்தது.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.

ஸ்பீக்கர் இப்போது எங்கள் பீரோ மேல்.
நடுராத்திரி அது தானாக விழித்து
பெண் குரலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னது.
நம்புமணியின் போனைத் தேடுகிறதாம்,
கிடைக்கவில்லையாம்.
எப்படிக் கிடைக்கும்?
எழுந்துபோய் அணைத்துவிட்டுப் படுத்தேன்.
தூக்கம் வரவில்லை.
மணி மூன்று ஆக
இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.