ஐந்து மில்லிமீற்றர்

கானுக்குள் விழுந்தது நான் மட்டுமல்ல.
பின்சக்கரம் எட்டாம் நம்பர் போல முறுகி
தேயிலை வாதுகளுக்கு நடுவே கிடந்தது.
ஃபிரேமுக்கு ஒன்றுமில்லை.
இன்னும் ஏழு தவணை பாக்கியிருக்கிற
நீல அலுமினிய ஃபிரேம்,
ஒரு கீறல் இல்லாமல்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

புதுச் சக்கரம் பதினோராயிரம்.
முன்பள்ளி டீச்சருக்கு மாதம் என்ன கிடைக்குமென்று
அப்புத்தளையில் எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும்.
விலையை யாரும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

போத்தல் ஹனீபாவின் சாக்குக் குவியலில் ஒன்று இருந்தது.
கம்பியெல்லாம் துரு. வளையம் நேர்.
விரலால் தட்டிப் பார்த்தேன்,
முப்பத்தாறு கம்பியும் ஏறக்குறைய ஒரே குரல்.
"எந்தக் காலத்துச் சாமானோ" என்றார்.
எண்ணூறு கேட்டு அறுநூறுக்குத் தந்தார்.

இரவு, அடுப்படியில்,
பிள்ளைகளின் அடிமட்டத்தை வைத்து அளந்தேன்.
பழைய அச்சு, நட்டுக்கு நட்டு, நூற்று முப்பது.
புது ஃபிரேமின் கால்களுக்கு நடுவே நூற்று முப்பத்தைந்து.
மறுபடி அளந்தேன்.
மறுபடியும் அந்த ஐந்து.

"நட்டை இறுக்குங்க டீச்சர்,
ஃபிரேம் தானா வந்து ஒட்டிக்கும்"
என்றார் ஸ்டேஷன் ரோட்டுச் சைக்கிள் கடைக்காரர்.
ஒட்டிக்கொள்ளும்தான்.
இரும்பென்றால் வளைந்து, வளைந்ததை மறந்துவிடும்.
அலுமினியம் மனசில் வைத்திருந்து
ஏதோ ஒரு மழைநாளில், கோயில் வளைவில்,
சொல்லாமல் பிளக்கும்.
என்னையும் அப்படித்தான் இறுக்கிப் பார்த்தார்கள்,
பண்டாரவளையில் ஒரு வீட்டில், இரண்டரை வருடம்.

ஹார்ட்வெயாரில் வாசர் வாங்கினேன்.
ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கினால்
மூன்றும் மூன்று திசைக்கு வழுக்கின.

முன்பள்ளியில் கடை விளையாட்டுக்கு
ஒரு ஜாம் போத்தல் நிறையப் பழைய காசு.
ஒருகாலத்தில் பஸ்ஸுக்குப் போதுமாயிருந்த
அந்த மஞ்சள் ஐந்து ரூபாய், தடித்தது,
இப்போது பிச்சைக்குப் போட்டாலும் முகம் சுளிக்கிறார்கள்.
உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.
அடிமட்டத்தை எடுத்தேன்.
இரண்டரைக்கு ஒரு துளி கூட.
பக்கத்துக்கு ஒன்று.

வெல்டிங் கடைப் பியதிலக காசைப் பார்த்தான்.
"சிங்கத்தில ஓட்டை போடவா?"
அரைத் தமிழில் கேட்டான், சிரிக்காமல்.
பிறகு திருப்பி வைத்தான். ஐந்து மேலே வந்தது.
"இந்தப் பக்கமிருந்து போடுறன்."
டிரில் மறுபக்கமும் போகுமென்பதை
இருவருமே சொல்லவில்லை.
மஞ்சள் சுருள் சுருளாக உதிர்ந்தது.
கூலி வாங்க மறுத்துவிட்டான்.
"காசிலயே ஓட்டை போட்டாச்சி,
இனி என்ன காசு?"

எமரித் தாளில் அரை மணி நேரம் தேய்த்தேன்.
நட்டு, காசு, ஃபிரேம், நட்டு.
சக்கரம் போய் உட்கார்ந்தபோது
பெரிய சத்தமொன்றும் வரவில்லை.
சுற்றிவிட்டேன்.
பிரேக் கட்டை இரண்டுக்கும் நடுவே
வளையம் எந்தப் பக்கமும் சாயாமல் ஓடியது.
தேநீர் ஆறிப்போகும்வரை
சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை. மூடுபனி ஜன்னலில்.
கல்லாவில் கஜரூபன் உட்கார்ந்து
எண்ணினான், திரும்ப எண்ணினான்:
"டீச்சர், ரெண்டஞ்சு கொறையுது."

எல்லோரையும் வெளியே கூட்டிப்போனேன்.
அச்சடியில் இரண்டு மஞ்சள் விளிம்பு.
பதினேழு பேரும் குனிந்தார்கள்,
ஒருவன் மோந்துகூடப் பார்த்தான்.
ஷர்மிகா கேட்டாள்:
"சைக்கிள் என்ன வாங்கிச்சு?"

கஜரூபன் பதிலுக்கு நிற்கவில்லை.
உள்ளே போய்க் கணக்குத் தாளில்
இரண்டு வட்டம் போட்டான்,
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்ன வட்டம்.

மூன்றாம் கியரில் சங்கிலி இன்னும் துள்ளுகிறது.
இரண்டிலிருந்து நேரே நாலுக்குப் போகிறேன்.
ஷர்மிகாவுக்கு என்ன சொல்வதென்று
ஏற்றத்தில் யோசிக்கிறேன்,
இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்கவே
நேரம் சரியாக இருக்கிறது.