வாயால் சொல், ஓக்னியான்

ப்ளோவ்திவில் தலையை இடவலமாக ஆட்டினால் ஆம்.
மேலும் கீழுமாக என்றால் இல்லை.
போர்ட்டோவிலிருந்து வந்திருந்த அன்செல்மு
காபி வேண்டுமா என்று கேட்டபோதெல்லாம்
மேலும் கீழும் ஆட்டி
மூன்று காலை வெறும் மேசையில் உட்கார்ந்திருந்தான்.
நான்காம் நாள் கற்றுக்கொண்டு இடவலமாக ஆட்டினான்.
அன்று பரிமாறியவரோ
டார்ட்முண்டில் பதினோரு வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர்.
அன்றும் காபி இல்லை.

நான் எழுதும் லைப்ரரியும் இதே சங்கதிதான்.
சம்பளம் கிடையாது. இரவு ஒன்பதுக்கு மேல்,
மரீட்சா ஆற்றின் கொசு ஜன்னலில் மோத,
ஒரே கேள்வியை
நான்கு டேட்டாபேஸிடம் நான்கு விதமாகக் கேட்கிறேன்.
மேலே இருப்பவருக்கு ஒரு பொருள், ஒரு பெயர், நடுவில் ஒரு புள்ளி.
கீழே வீட்டுக்கு வீடு வாசற்படி.

மேற்கோளில் சுற்றாத பெயரை
போஸ்ட்கிரெஸ் சின்ன எழுத்தில் முணுமுணுக்கும்,
ஆரக்கிள் பெரிய எழுத்தில் கத்தும்.
மைஎஸ்க்யூஎல், கண்டிப்பில்லாத வீடாக இருந்தால்,
பூஜ்ஜிய மாதத்துப் பூஜ்ஜியத் தேதியையும்
ஒரு நாள் என்று வாங்கி வைத்துக்கொள்ளும்.
எஸ்க்யூலைட்டில்
எண்ணுக்கான கட்டத்தில் செவ்வாய்க்கிழமை என்று எழுதிப் பாருங்கள்.
ஒன்றும் சொல்லாது.

இதுவென்றால் இப்படி, அதுவென்றால் அப்படி,
பழைய பதிப்பென்றால் கண்டுகொள்ளாதே.
என் கோடில் பாதி இதுதான்.
மருமகள் மாதிரி என்று அன்செல்மு ஒருமுறை சொன்னான்.
அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

ஆகஸ்டில் வீதினிலிருந்து ஒரு புகார்.
அங்கே ஒரு கிளினிக். கோடையில்தான் ஆரக்கிளுக்கு மாறினார்கள்.
பதிவுப் படிவத்தில் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர்.
மாலினா என்ற பெண்மணி, வயது ஐம்பத்தெட்டு, முழங்கால் வலி,
நடுக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்.
அச்சில் வந்த தாளில்
தந்தை பெயர்: தெரியவில்லை.

கவுன்ட்டரில் தாளைத் திருப்பி வைத்துச் சொன்னாராம்:
தெரியும்.
எழுதவில்லை.

ஆரக்கிளுக்கு இரண்டும் ஒன்று.
வெற்றுச் சொல்லைக் கொடுத்தால் நல் என்று வைத்துக்கொள்ளும்.
நல் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை.
ஒரு நல்லும் இன்னொரு நல்லும் சமமா என்று கேட்டால்
அதற்கும் பதில் நல்.

இது தளத்தின் குணம், என் பிழையல்ல என்று எழுதிப்
புகாரை மூடினேன்.
மூடிவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.
எழுதவில்லை, எழுதவில்லை என்று
குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

கிளினிக்கின் புரோகிராமர் ஓக்னியான் திரும்ப எழுதினான்:
பரவாயில்லை, ராலிட்சா.
வரவேற்பில் இருக்கும் பெண்
ஒவ்வொரு தாளிலும் அந்த ஒரு சொல்லை
நீலப் பேனாவால் அடித்துத் தருகிறாள்.
மாலினாவுக்கு மட்டுமல்ல, இதுவரை பதினேழு பேருக்கு.

பதினேழு.
புகாரைத் திறந்தேன்.

காலிக்குப் பதில் ஒற்றை இடைவெளியை அனுப்பு,
திரும்பி வரும்போது எடுத்துவிடு.
சரி, யாராவது நிஜமாகவே இடைவெளியை மட்டும் தட்டினால்?
தேடும்போது? நீளம் அளக்கும்போது?
இந்தக் கதவை ஒட்டினால் அந்த ஜன்னல் கிறீச்சிட்டது.
மூன்று வாரம்.
கடைசியில் தனியாக ஒரு கட்டம், ஒரே எழுத்து அகலம்,
விட்டாரா, விடுபட்டதா என்று மட்டும் சொல்ல.
அழகில்லை. அட்டவணை ஒரு பத்தி பெருத்தது.
வேண்டியவர்கள் மட்டும் திறந்துகொள்ளும்படி
பூட்டி வைத்தேன்.

சோதனைக்கு மாலினா என்று பெயர் வைத்தேன்.
நான்கு தளத்திலும் பச்சை.
ஆரக்கிளில் முதல் தடவை சிவப்பு,
காற்புள்ளி ஒன்று என் தப்பு.

நேற்று இரவு ஓக்னியான் திரையில் வந்தான்.
வீதினில் பிறந்தவன், கிராட்ஸில் படித்தவன்,
இரண்டு வருடம் லிஸ்பனில்.
இணைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

தலையை ஆட்டினான்.

வாயால் சொல், ஓக்னியான்.