அறுபதா தொண்ணூறா

மூன்றாவது கியர்ஹெட்டும் போன இரவு,
தம்மாம் இரண்டாவது தொழில்நகரத்தில்
ஏற்கெனவே புளித்த லபன்
இன்னும் புளிக்க வரிசையில் நின்றது.

கழற்றிக் கவிழ்த்தேன்.
கருத்த கிரீஸோடு மூன்று பற்கள்
உள்ளங்கையில் விழுந்தன.
பால்பல் என்றால் கூரைமேல் எறிந்திருப்பேன்.

கொள்முதல் மேசையிலிருந்து ரெஜிமோன் வந்தான்.
"பாரம் முப்பது நியூட்டன் மீட்டர்.
இந்த அறுபது சைஸ் நாற்பது தாங்கும்.
பத்து மிச்சம் இருக்குதே,
தொண்ணூறு எதுக்கு?
எழுநூற்று நாற்பது ரியால் கூடுதல்."
அவன் கழித்தலில் பிழையில்லை.

மோட்டாரையும் குறை சொல்ல முடியாது.
நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றும் அவசரக்காரன்;
நமக்கு வேண்டியதோ அறுபது.
வேகத்தை ஐம்பதில் ஒன்றாகக் குறைத்தால்
முறுக்கு ஐம்பது மடங்காகத் திரும்பி வரும்,
பத்தில் ஒன்றை உராய்வு வழியிலேயே எடுத்துக்கொள்ளும்,
பணம் அனுப்பும் கடையின் கமிஷன் மாதிரி.
இன்னொன்றும் நடக்கிறது.
பாரத்தின் நிலைமம்
இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒன்றாகச் சுருங்கித்தான்
மோட்டாரை எட்டும்.
அதனால் அதற்கு எதுவும் தெரியாது.
தெரிந்தது பற்களுக்கு.

லோக்பகதூரிடம் கேட்டேன்,
நிமிடத்துக்கு எத்தனை தடவை நின்று கிளம்புகிறது?
பெல்ட்டைப் பார்க்காமலே சொன்னான்: இருபத்திரண்டு.
கடிகாரத்தை வைத்து நானும் எண்ணினேன்.
இருபத்திரண்டு.
நாளுக்கு இருபது மணி நேரம்.
இருபத்தாறாயிரத்து நானூறு உலுக்கல்.

ஓடும்போது முப்பதுதான், ரெஜிமோன்.
கிளம்பும்போது எழுபது.

குருவி தலையில் பனங்காய் என்போம்.
இங்கே பனங்காயின் கனத்தில் தப்பில்லை.
அதை நிமிடத்துக்கு இருபத்திரண்டு முறை
எடுத்து எடுத்து வைத்தோம்.

விற்பவர்கள் அனுப்பிய படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.
தினசரி ஓட்டம். சுற்றுப்புற வெப்பம்.
அதிர்ச்சி: லேசு, நடுத்தரம், கடுமை.
அட்டவணை நாற்பது டிகிரியோடு நின்றுவிட்டது.
ஆகஸ்டில் எங்கள் தகரத்துக்கடியில் நாற்பத்தெட்டு;
பேனாவால் ஒரு கட்டம் நீட்டினேன்.

என்ன எழுதுகிறாய் என்றான் லோக்பகதூர்.
எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன்.
சிரித்துவிட்டுத் தன் கணக்கைச் சொன்னான்:
பன்னிரண்டு மணி நேரம்.
அதே நாற்பத்தெட்டு.
அதிர்ச்சி, வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வரும் போன்.
லேசா கடுமையா என்று நான் கேட்கவில்லை.

புதிய மேலாளருக்கு வேறு யோசனை:
நூற்றிருபது வாங்கிப் போடு, தொல்லை விட்டது.
அவ்வளவு பெரியது
தன் உடம்பைச் சுழற்றவே மோட்டாரைத் தின்னும்.
விரலுக்கேற்ற வீக்கம் என்பதை
அரபியில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
பதினான்கு மில்லிமீட்டர் இடம் பற்றாது என்றேன்.
அது புரிந்தது.

தொண்ணூறு வந்து சேர்ந்தது.
தாங்கு தகட்டில் நான்கு துளை புதிதாய்ப் போட்டோம்,
சென்சாரை விரலளவு தள்ளி வைத்தோம்.
அந்த மூன்று பற்களை
ரெஜிமோன் மேசையில் இன்வாய்ஸ் மேல் வைத்தேன்,
ஏசிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க.

பழைய உறைமேல் கை வைத்தால்
மூன்று எண்ணுவதற்குள் இழுத்துக்கொள்ள வேண்டும்.
அதிகாலை, ஷிப்ட் மாறும் முன்
புதியதன்மேல் கை வைத்தேன்.
லோக்பகதூர் உரக்க எண்ணினான், நேபாளியில்.
பதினேழு வரை கூடவே எண்ணினேன்.
அதற்குமேல் அந்த மொழியில் எனக்கு எண் தெரியாது.
அவன் எண்ணிக்கொண்டே போனான்.
கை அங்கேயே இருந்தது.